அறையை அழகுபடுத்தும் முன்...

வீட்டில் ஓர் அறைக்குப் புதிதாக வண்ணம் பூசுவதென்று முடிவானால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயின்ட் கடையிலிருந்து வண்ண அட்டை வரும். அம்மா ஒரு நிறத்தின் மேல் விரலை வைப்பார். அண்ணன் வேறொன்றின் மேல் வைப்பான். திரைச்சீலை, விளக்கு, சுவரில் மாட்டும் படம் என்று பேச்சு வளரும். அந்தப் பேச்சுக்கிடையே யாராவது ஓர் அளவு நாடாவையும் வெப்பமானியையும் தேடி எடுத்ததுண்டா? பெரும்பாலும் இராது. ஆனால், அறை என்பது நான்கு சுவர்களும் ஒரு கூரையும் சேர்ந்து வெப்பத்தையும் ஒளியையும் காற்றையும் ஒலியையும் ஆட்டிவைக்கும் ஒரு கருவி. கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதற்கு வண்ணம் மட்டும் பூசினால் என்ன ஆகும் என்று ஓர் உண்மை வீட்டைக் கொண்டு பார்ப்போம்.

சென்னை ஆழ்வார்பேட்டையில், டி.டி.கே. சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் நண்பர் குடியிருக்கிறார். மூன்று மாடிக் குடியிருப்பில் கடைசி மாடி. அதில் மேற்குப் பக்கத்து அறை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகளுக்கும் அவளுடைய பாட்டிக்கும் உரியது. அறையைப் புதுப்பிக்க ஒரு தொகை ஒதுக்கி, அலங்கார வேலை செய்பவரிடம் மதிப்பீடும் வாங்கிவிட்டார். ஃபால்ஸ் சீலிங், கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அடர்ந்த மெரூன், மற்ற சுவர்களுக்குக் காப்பி நிறம், ஜன்னலுக்குக் கனமான திரை. "நீ இயற்பியல் வாத்தியார்தானே, வந்து ஒரு பார்வை பார்" என்று என்னை அழைத்தார்.

அறையைப் பார்ப்பதற்கு முன் பாட்டி என்னிடம் ஒரு செய்தி சொன்னார். "பகல்லகூட இருந்துடலாம், தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் இந்த ரூம் கொதிக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க." நண்பர் சிரித்தார். பத்து மணிக்கு வெளியே காற்று குளிர்ந்துவிடுகிறதே, அப்போது அறை மட்டும் எப்படிக் கொதிக்கும் என்பது அவருடைய வாதம். பாட்டி சொன்னதுதான் சரி. அது ஏன் என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூரையின் மேல் பதினோரு இஸ்திரிப் பெட்டிகள்

அந்த அறை 10 அடி அகலம், 12 அடி நீளம். அதாவது 120 சதுர அடி. ஏறத்தாழ 11 சதுர மீட்டர். கோடைக்கால நடுப்பகலில், மேகமில்லாத வானத்திலிருந்து ஒரு சதுர மீட்டர் தரையில் வந்து விழும் சூரிய ஆற்றல் வினாடிக்கு ஏறக்குறைய 1000 ஜூல், அதாவது 1000 வாட். ஆகவே அந்த ஓர் அறையின் கூரை மீது மட்டும் 11,000 வாட் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்று கொள்ளுங்கள். பதினோரு இஸ்திரிப் பெட்டிகளைக் கூரை மீது கவிழ்த்துவைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, கீழே அமர்ந்து படிப்பது போல!

இவ்வளவும் அறைக்குள் வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பகுதியைக் கூரை திருப்பி அனுப்பிவிடும். உறிஞ்சியதிலும் பெரும் பகுதியைக் காற்று அள்ளிச் செல்லும். கொஞ்சம் கதிர்வீச்சாக வானத்துக்குத் திரும்பும். எஞ்சியதே கீழே இறங்குகிறது. ஆனால் எவ்வளவு உறிஞ்சுவது என்பதைத் தீர்மானிப்பது கூரையின் நிறம். பழகிக் கறுத்த சிமென்ட் தளமோ, சிவப்புத் தட்டோடோ விழுவதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெண்மையான தளம் ஐந்தில் ஒரு பங்கையே உறிஞ்சும். ஆக, இந்த அறைக்குப் பூச வேண்டிய முதல் வண்ணம், அறைக்குள் இருப்பவர் கண்ணுக்கே படாத இடத்தில், மொட்டை மாடியில் பூசப்பட வேண்டும். 2023-ஆம் ஆண்டு தெலங்கானா அரசு 'குளிர்கூரை'களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதன் அடிப்படை இந்தச் சிறிய கணக்குத்தான்.

பாட்டியின் பத்து மணிக்கு வருவோம். வெப்பம் சுவருக்குள் நுழைந்தவுடன் மறுபக்கம் வந்துவிடாது. செங்கல்லின் ஓர் அடுக்கைச் சூடாக்கிவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்குப் போக முடியும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெப்ப அலையின் உச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வந்துசேர ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். நான்கரை அங்குலக் கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரம் போல. மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் இருந்தால் இன்னும் கூடும். இப்போது கூட்டிப் பாருங்கள். கூரையில் வெயிலின் உச்சம் நண்பகல். அது உட்புறம் தெரிவது மாலையில். மேற்குச் சுவரில் வெயிலின் உச்சம் மாலை நான்கு மணி. அது உட்புறம் தெரிவது இரவு பத்து, பதினொரு மணிக்கு. பாட்டியின் கட்டிலின் தலைமாடு எந்தச் சுவரை ஒட்டி இருந்தது தெரியுமா? அந்த மேற்குச் சுவரைத்தான். மெரூன் அடிக்க இருந்ததும் அதே சுவர்.

வெளிக்காற்று குளிர்ந்த பின்னும் அவர் வெந்ததற்குக் காரணம் கதிர்வீச்சு. நம் தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் நம் உடலிலிருந்து வெப்பம் சுவருக்குப் போகும். சுவர் 38 டிகிரி இருந்தால் ஓட்டம் திசை மாறிவிடும். இடையே இருக்கும் காற்று எப்படியிருந்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டேயிருக்கும். இதை அறிய வெப்பமானிகூட வேண்டாம். இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். பிறகு கிழக்குச் சுவரிடம் காட்டுங்கள். உள்ளங்கையே சொல்லிவிடும்.

மின்விசிறி இந்த வெப்பத்தைக் குறைக்குமா? குறைக்காது. வியர்வையை விரைவாக ஆவியாக்கி நம்மைக் குளிர்விக்குமே தவிர, அறையை அது குளிர்விப்பதில்லை. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினால், அது உண்ணும் மின்சாரம் அத்தனையும் அறைக்குள் வெப்பமாகத்தான் சேரும்.

நாங்கள் முதலில் செய்தது செலவில்லாத காரியம். கட்டிலைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினோம். அந்தப் பெண்ணின் புத்தக அலமாரியைக் கொண்டுபோய் மேற்குச் சுவரோடு வைத்தோம். நிறையப் புத்தகம் அடுக்கிய அலமாரி ஒரு நல்ல வெப்பக் காப்பு. காகிதம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தாள்களுக்கிடையே அகப்பட்ட காற்று இன்னும் கடத்தாது. சுவருக்கும் அலமாரிக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விடச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் கொண்டால் புத்தகம் பூஞ்சை பிடித்துவிடும்.

தலைக்கு மேல் வந்துபோகும் சூரியன்

சென்னையின் அட்சரேகை வடக்கே 13 டிகிரி. ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே தாண்டிப் போகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குச் சுவரின் மேல் விழும்! 'வடக்கு ஜன்னலில் வெயில் வராது' என்று மேல்நாட்டு அலங்காரப் புத்தகங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது லண்டனுக்குச் சரி. டிசம்பர் 21-ஆம் தேதி சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது தெற்கு ஜன்னல் வழியே இதமான வெயில் உள்ளே வரும்.

வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு மேலே இரண்டு அடி சன்ஷேடு இருந்தால் போதும். உயரத்திலிருந்து வரும் கோடை வெயிலை அது மறைத்துவிடும். மேற்கு ஜன்னலில் அந்த வேலை நடக்காது. மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் 34 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். இரண்டு அடி சன்ஷேடின் நிழல் சுவரில் ஒன்றரை அடிகூட இறங்காது. ஐந்து மணிக்கு முக்கால் அடி. நான்கு அடி உயர ஜன்னலின் எஞ்சிய பகுதி முழுவதும் வெயிலுக்குத் திறந்துகிடக்கும்.

அதற்குத்தானே கனமான திரை என்பீர்கள். திரை எங்கே தொங்குகிறது? கண்ணாடிக்கு உட்புறம். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விட்டுவிடும். திரை அதை உறிஞ்சிச் சூடாகி, நீண்ட அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களை வீசும். அந்தக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாது. வெயில் அறைக்குள் வந்த பிறகு அதைத் தடுப்பது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு வாசற்கதவைத் தாழிடுவது போலத்தான். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். நம் தாத்தா காலத்து மூங்கில் தட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. சூடானாலும் அந்தச் சூட்டைக் காற்று வெளியிலேயே கொண்டுபோயிற்று. வெட்டிவேர்த் தட்டியானால் நீரும் தெளிப்பார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் கடற்காற்று வந்து ஈரப்பதம் ஏறிய பிறகு நீர் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அக்கினி நட்சத்திர நாட்களில் வறண்ட மேல்காற்று அடிக்கும் பகல்தான் வெட்டிவேருக்கு உகந்த வேளை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 போன்ற நாளில் அதன் அருமை தெரிந்திருக்கும்.

மயிலாப்பூர் பக்கம் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்குள் போனவர்கள், அவை குளுமையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மதராஸ் டெரஸ் என்பது அந்தக் கூரையின் பெயர். தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கனமான கூரை, உயரமான மேற்பகுதி, கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர். சூடான காற்று மேலெழுந்து அந்த வென்டிலேட்டர் வழியே போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பங்கு சிறிதுதான். மூன்று மீட்டர் உயர அறையில் உள்ளேயும் வெளியேயும் 5 டிகிரி வேறுபாடு இருந்தால் அது உண்டாக்கும் அழுத்த வேறுபாடு அரைப் பாஸ்கல். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் கடற்காற்று உண்டாக்குவது 5 பாஸ்கல், பத்து மடங்கு. வென்டிலேட்டரின் பெரிய பயன், காற்று வெளியேற ஒரு வழியாக இருப்பதே. ஒரு காலிப் புட்டிக்குள் ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகாது, உங்கள் முகத்துக்கே திரும்பும். போக வழியில்லாத இடத்துக்குள் காற்று வராது. நண்பர் வீட்டில் ஷோகேஸ் அமைத்தபோது வென்டிலேட்டரை அட்டை வைத்து மூடியிருந்தார்கள். அட்டையைக் கழற்றினோம். கடற்கரை அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். பிற்பகல் கடற்காற்று கூடத்து ஜன்னல் வழியே நுழைந்து இந்த அறையைக் கடந்து போகத் தொடங்கியது.

வண்ண அட்டை ஏமாற்றுவது ஏன்?

இனி நிறத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் படித்தபோது அது எதற்குப் பயன்படும் என்று நினைத்திருப்பீர்கள். வெள்ளையடிக்கப் பயன்படும்!

விளக்கிலிருந்து 100 பங்கு ஒளி சுவர்களில் விழுகிறது என்று கொள்வோம். நல்ல வெண்சுவர் 80 பங்கை எதிரொளிக்கும். அந்த 80 எங்கே போகும்? மற்ற சுவர்களுக்குத்தான். அங்கே 64 பங்கு திரும்பும், பிறகு 51, பிறகு 41. எல்லாவற்றையும் கூட்டினால் 100 + 80 + 64 + ... என்ற முடிவிலாத் தொடர். பொது விகிதம் 0.8. கூட்டுத்தொகை 100-ஐ 0.2-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 500. ஒரு விளக்கு ஐந்து விளக்காகிவிட்டது. சுவர் பாதி ஒளியை மட்டும் எதிரொளித்தால் கூட்டுத்தொகை 200. காப்பி நிறம்போல் ஐந்தில் ஒரு பங்கே எதிரொளித்தால் 125. ஆக, அதே விளக்கு, அதே மின்சாரம். சுவரின் நிறம் மாறியதால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. உண்மை அறையில் ஜன்னல், கட்டில், தரை எல்லாம் ஒளியை விழுங்குவதால் வேறுபாடு இவ்வளவு இராது. ஆனால் போக்கு இதுதான்.

இதே தொடர் இன்னொரு புதிருக்கும் விடை தருகிறது. அட்டையில் மெல்லிய சந்தன நிறமாகத் தெரிந்தது, சுவரில் பூசியதும் கனத்த மஞ்சளாகிவிட்டது என்று எத்தனை வீடுகளில் சண்டை நடந்திருக்கும்! கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்பார்கள். பாவம், அவர் சரியாகத்தான் கொடுத்திருப்பார். அந்த வண்ணம் மஞ்சள் ஒளியில் 80 விழுக்காடும் நீல ஒளியில் 60 விழுக்காடும் எதிரொளிக்கிறது என்போம். அட்டையில் பார்க்கும்போது ஒரே ஒரு எதிரொளிப்பு; விகிதம் 80-க்கு 60. அறைக்குள் ஒளி இரண்டாம் முறை பட்டதும் 64-க்கு 36. மூன்றாம் முறை 51-க்கு 22. ஒவ்வொரு முறையும் நீலம் தேய்ந்து, மஞ்சள் ஓங்குகிறது. நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று வண்ணம் பூசிக்கொள்கின்றன என்று சொன்னாலும் தவறில்லை. ஆகவே நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். அதையும் ஒரு சிறு டப்பா வாங்கி, இரண்டு அடிப் பலகையில் பூசி, அதே அறையில் காலையிலும் இரவிலும் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

நண்பரின் மகளுக்கு மெரூன் மேல் ஆசை. நிறம் அவரவர் விருப்பம். இயற்பியலுக்கு அதில் தடையில்லை. கூரையும் மூன்று சுவர்களும் வெள்ளையாக இருக்கட்டும். அலமாரியால் மறையாத ஒரு சிறு பகுதிக்கு மெரூன் பூசிக்கொள் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

படிக்கும் மேசைக்குக் கூரை விளக்கை நம்ப வேண்டாம். மேசையிலிருந்து 6 அடி உயரத்தில் இருக்கும் விளக்கை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் தொலைவு நான்கில் ஒன்று. எதிர்த்தகவு இருமடி விதிப்படி வெளிச்சம் பதினாறு மடங்கு. வலக்கையால் எழுதுபவருக்கு அது இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதும் இடத்தில் கையின் நிழல் விழும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. சாமான்களை வெளியே எடுத்த அன்று அறையில் பேசியபோது குரல் முழங்கியது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுபவர் சொல் ஐந்து வினாடிக்கு மேல் முழங்கிக்கொண்டிருந்ததாம். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலார் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்தார். எதிர்முழக்க நேரத்துக்கான வாய்பாடு அப்படிப் பிறந்தது. அதன்படி நம் அறை, வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையுமாக மூடிக் கிடந்தால், நான்கு வினாடி முழங்கும். ஒரு பஞ்சு மெத்தை, பருத்தித் திரை, திறந்த ஜன்னல் ஆகியவை இருந்தால் ஒரு வினாடிக்குக் கீழே இறங்கும். அந்தப் பெண் வயலின் கற்கிறாள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கும் பேட்டையில் இது அதிசயமில்லை. ஜன்னலுக்கு மெல்லிய பருத்தித் திரை போதும் என்று முடிவாயிற்று. வெயிலைத் தடுக்க வெளியே தட்டி, ஒலியை அடக்க உள்ளே திரை.

மிஞ்சியது ஃபால்ஸ் சீலிங். அதனால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடான தளத்தின் கதிர்வீச்சையும் அது மறைக்கும். ஆனால் இந்த அறையில் அது வென்டிலேட்டரை மூடிவிடும். உயரத்தில் ஓர் அடியைத் தின்றுவிடும். அதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி போதும், மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க. மழையில் கரைந்துபோகும், ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும்.

ஒரு சிக்கல். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், "கீழ் வீட்டுக்காரர்கள் எதற்குப் பணம் தர வேண்டும்?" என்று கேட்டார். வாதம் செய்து பயனில்லை என்று கண்ட அந்தப் பெண், தளத்தில் நான்கு அடிக்கு நான்கு அடியாக ஒரு சதுரத்தை மட்டும் வெள்ளையடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவரை மேலே அழைத்துப்போய், "அங்கிள், செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க" என்றாள். இரண்டு அடி நடப்பதற்குள் அவர் துள்ளிக் குதித்து வெள்ளைச் சதுரத்துக்குள் போய் நின்றுகொண்டார். மூன்றாம் மாடிக்காரர்கள் அந்தச் செலவை ஏற்பதென்றும், சங்கம் அனுமதி தருவதென்றும் அங்கேயே பேசி முடித்தார்கள். செருப்பை எடுத்துக்கொடுக்கும் வரை அவர் அந்தச் சதுரத்தை விட்டு நகரவில்லை.